டிலனாய் என்ற குடும்பப்பெயர்: உதயகிரிக் கோட்டைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில், தக்கலைக்குக் கொஞ்சம் முன்னால் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. உள்ளே கூரை போன ஒரு சின்னக் கிறிஸ்தவக் கோயில். அதற்குள் சில கல்லறைகள். பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்த்துவிட்டு அப்படியே இங்கே வரும் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் நான்தான் பல வருடமாகக் கூட்டிப் போகிறேன். கல்லறைக்கு முன்னால் நின்றதும் முதலில் எல்லோரும் போரைப் பற்றிக் கேட்பார்கள். அப்புறம் பேச்சு அந்தப் பெயருக்கு வந்துவிடும். அப்படி வந்த கேள்விகளும் எனக்குத் தெரிந்த பதில்களும் இவை.

முதலில், யார் இந்த டிலனாய்?

முழுப்பெயர் யூஸ்டாக்கியஸ் பெனடிக்டஸ் டி லனாய். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையோடு வந்தவர். 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களைத் தோற்கடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவரான இவர் அப்புறம் திருவிதாங்கூருக்கே வேலை செய்ய ஒத்துக்கொண்டார். படைக்குப் பயிற்சி கொடுத்தார், பீரங்கி வார்க்கும் உலை அமைத்தார், கோட்டைகளைப் பலப்படுத்தினார். மக்கள் ‘வலிய கப்பித்தான்’ என்றார்கள். மார்த்தாண்ட வர்மாவுக்குப் பிறகு தர்மராஜா காலத்திலும் பணியில் இருந்து, 1777-இல் இங்கேயே இறந்தார். மறைசாட்சி தேவசகாயம் பிள்ளைக்குக் கிறிஸ்தவத்தை அறிமுகப்படுத்தியவரும் இவர்தான். 2022 மே 15 அன்று ரோமில் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்த பிறகு, இந்தக் கல்லறைக்கு வரும் கூட்டம் கூடியிருக்கிறது.

‘டிலனாய்’ என்பது அவருடைய பெயரா, குடும்பப்பெயரா?

குடும்பப்பெயர். ஞானஸ்நானப் பெயர் யூஸ்டாக்கியஸ். நம் பக்கத்தில் குடும்பப்பெயர் என்று தனியாக ஒன்று கிடையாது. அப்பா பெயரின் முதலெழுத்தும் வீட்டுப்பெயருமே போதும். அதனால் வெள்ளைக்காரர் ஒருவருக்கு வழங்கிய பெயரை அப்படியே ஆள்பெயராக எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் ‘டிலனாய்’ என்றால்தான் இங்கே தெரியும். ‘யூஸ்டாக்கியஸ்’ என்று சொன்னால் யாரென்று கேட்பார்கள்.

அந்தப் பெயருக்கு ஏதாவது பொருள் உண்டா?

உண்டு. இந்தப் பதிலைக் கேட்டதும் குமரிக்காரர்கள் முகத்தில் ஒரு சிரிப்பு வரும், ஏனென்றால் அது நம் வீட்டுப்பெயர் மாதிரியே இருக்கிறது.

பெயரின் முதல் துண்டு ‘டி’. பிரெஞ்சில் ‘இன்ன இடத்துக்காரர்’ என்று காட்டும் சொல். அடுத்தது ‘லனாய்’. அதுவே இரண்டு சொல் ஒட்டியது: முன்னால் ‘ல’ என்ற சுட்டுச்சொல், பின்னால் ‘அனாய்’. இந்த ‘அனாய்’ லத்தீனில் ‘அல்னேத்தும்’ என்பதிலிருந்து தேய்ந்து வந்தது. ‘அல்னுஸ்’ என்பது ஒரு மரம். ஆங்கிலத்தில் ஆல்டர் என்பார்கள். ‘அல்னேத்தும்’ என்றால் அந்த மரம் கூட்டமாக நிற்கும் இடம். ஆக, டி லனாய் என்றால் ஆல்டர் தோப்புக்காரர்.

நம் ஊர்களை எண்ணிப் பாருங்கள். மாவிளை, பலாவிளை, பனவிளை. மரத்தின் பெயர், அதற்குப் பின்னால் ‘விளை’, அதாவது தோப்பு. அந்த விளையில் வீடு கட்டிக் குடியிருந்தவர்களுக்கு அதுவே வீட்டுப்பெயர். கல்யாண அழைப்பிதழில் பெயருக்குக் கீழே ‘மாவிளை வீடு’ என்று போட்டால் ஆளை அடையாளம் கண்டுகொள்கிறோம் அல்லவா? டிலனாய் என்பதும் அதே வேலையைத்தான் செய்தது. ஐரோப்பாவில் அந்த வீட்டுப்பெயர் தலைமுறை தலைமுறையாகக் கூடவே போனது. நம்மிடம் வீடு மாறினால் பெயரும் மாறிவிடும்.

ஆல்டர் மரத்தை நாம் பார்த்திருக்கிறோமா?

குமரியில் கிடையாது. ஐரோப்பாவின் குளிர்ந்த, சதுப்பான ஆற்றங்கரைகளில் வளர்வது. நம் ஆற்றங்கரை நீர்மருதுக்கு இருக்கிற இடம் அங்கே அதற்கு இருக்கிறது. அதன் கட்டை தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் சீக்கிரம் இற்றுப்போகாது. அதனால் கால்வாய்க் கரைக்கும் பாலத்தின் அடிக்காலுக்கும் பயன்படுத்தினார்கள். வெனிஸ் நகரத்தின் கட்டடங்களைத் தாங்கி நிற்கும் மரக்கழிகளில் ஆல்டரும் உண்டு.

லனாய் என்று ஓர் ஊர் உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. பிரான்சின் வடகோடியில், பெல்ஜியம் எல்லைக்குப் பக்கத்தில், லில் நகரத்துக்குக் கிழக்கே, ரூபேயை ஒட்டி. அந்த ஊர்க்காரர்கள் ‘லனுவா’ என்பார்கள். பிரான்சின் மிகச் சிறிய ஊராட்சிகளில் ஒன்று அது. பரப்பு சுமார் 0.18 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது.

உதயகிரிக் கோட்டை எவ்வளவு? ஏறக்குறைய 90 ஏக்கர், அதாவது 0.36 சதுர கிலோமீட்டர். அவர் பெயரைக் கொடுத்த ஊரைப் போல இரண்டு மடங்கு பெரியது, அவர் பலப்படுத்திய கோட்டை! முதல் தடவை கணக்குப் போட்டுப் பார்த்தபோது நம்ப முடியாமல் திரும்பவும் போட்டுப் பார்த்தேன்.

நம்முடைய டிலனாய் பிறந்தது அந்த ஊரில் அல்ல, அதற்குத் தெற்கே உள்ள அராஸ் நகரத்தில் என்று எழுதுகிறார்கள். இரண்டும் ஒரே வட்டாரம்தான். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

அப்படியானால் அவர் டச்சுக்காரர் இல்லையா?

வேலை பார்த்தது டச்சுக் கம்பெனிக்கு. பெயர் பிரெஞ்சுப் பெயர். குடும்பம் பிளாண்டர்ஸ், பிகார்டி என்று சொல்லப்படும் எல்லை நிலத்தைச் சேர்ந்தது. மதம் ரோமன் கத்தோலிக்கம். டச்சுக் கம்பெனியோ சீர்திருத்தக் கிறிஸ்தவர்களின் கம்பெனி. அந்தக் காலத்தில் கம்பெனிப் படையில் பல தேசத்து ஆட்களும் கூலிக்குச் சேர்வது வழக்கம். ‘டச்சுத் தளபதி’ என்று பள்ளிப் பாடம் சொல்வதை முழுத் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஆனால் குடும்பப்பெயரைக் கேட்டால் அது வேறு கதை சொல்கிறது.

இந்தப் பெயர் இன்று எங்கெங்கே இருக்கிறது? அரிதா?

எப்படி எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இரண்டு சொல்லாகப் பிரித்து ‘டி லனுவா’ என்று எழுதுகிறவர்கள் குறைவு. பெல்ஜியத்தில் ஒரு பழைய பிரபுக் குடும்பமும், வேறு சில சாதாரணக் குடும்பங்களும், நெதர்லாந்தில் சிலரும். ஒரே சொல்லாகச் சேர்த்து ‘டெலனுவா’ என்று எழுதினால் நிலைமை வேறு. பிரான்சின் நோர், பா-டெ-கலே மாவட்டங்களில் அது அன்றாடம் காதில் விழும் பெயர். தெற்கே போகப்போகக் குறைந்துவிடும். மேற்குப் பிரான்சில் அதே ஆல்டர் தோப்பு ‘லோனே’ என்று திரிந்தது. அங்கேயுள்ள ‘டெலோனே’ குடும்பங்களும் பொருளால் இவர்களுக்குப் பங்காளிகள்தான். ஓவியர் ராபர்ட் டெலோனே அப்படி ஒருவர்.

இப்படி ஒரு மூலையில் குவிந்து கிடப்பதற்குக் காரணம் எளிது. ஊர்ப்பெயரிலிருந்து வந்த குடும்பப்பெயர் அந்த ஊரைச் சுற்றித்தான் அடர்த்தியாக இருக்கும். தூரத்தில் அது தென்பட்டால் யாரோ ஒருவர் ஏதோ ஒரு காரணத்துக்காக இடம்பெயர்ந்திருக்கிறார் என்று அர்த்தம். லனுவா வட்டாரத்தில் அந்தக் காரணம் பெரும்பாலும் இரண்டு: மதமும் நெசவும். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் அரசு அங்கே புராட்டஸ்டண்டுகளை நெருக்கியபோது, நெசவாளர் குடும்பங்கள் கூட்டம் கூட்டமாக வடக்கே டச்சு நாட்டுக்கு ஓடின. லெய்டன் நகரம் அவர்களை வரவேற்றது, ஏனென்றால் அந்த ஊருக்குத் துணித் தொழில் வேண்டியிருந்தது. கோட்டாறு, வடசேரித் தறிகளின் சத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தறி எங்கே போகிறதோ பெயரும் அங்கே போகும்.

அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் என்கிறார்களே?

உண்மைதான். பிராங்க்ளின் டெலனோ ரூஸ்வெல்ட்டின் நடுப்பெயர் அவருடைய அம்மா சாரா டெலனோவின் குடும்பப்பெயர். அந்தக் குடும்பத்தின் முதல் ஆள் பிலிப் டி லனாய். மேலே சொன்ன மாதிரி லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்த குடும்பத்துப் பையன். 1621-இல் ‘பார்ச்சூன்’ என்ற கப்பலில் பிளிமத் குடியேற்றத்துக்குப் போய் இறங்கினான். ஆங்கிலேயர் வாயில் ‘டி லனாய்’ முதலில் ‘டெலனோ’ ஆனது, பிறகு எழுத்திலும் அப்படியே நின்றுவிட்டது. கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் 1965-இல் வேலைநிறுத்தம் தொடங்கிய ஊரின் பெயரும் டெலனோ. கொலம்பஸ் டெலனோ என்ற அமைச்சர் பெயரால் வந்தது.

ஆகவே ஒரே பெயர், பிளிமத்தில் டெலனோ, புலியூர்க்குறிச்சியில் தில்லானை.

அப்படியானால் நம் டிலனாயும் ரூஸ்வெல்ட்டும் உறவா?

பெயரை மட்டும் வைத்து அப்படிச் சொல்லக் கூடாது. இதை நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன், ஏனென்றால் கோட்டைக்குள் நின்று இந்தக் கதையைச் சொல்லும்போது ஆர்வத்தில் உறவு கட்டிவிடுகிறார்கள். இரணியலில் ஒரு மாவிளை வீடும் குலசேகரத்தில் ஒரு மாவிளை வீடும் இருந்தால் இரண்டும் சொந்தம் என்று நாம் சொல்வோமா? மாமரம் எங்கேயும் நிற்கும். ஆல்டர் தோப்பும் அப்படித்தான். லனுவா, லோனே, ஓனே என்று அந்த மரத்தால் பெயர் பெற்ற ஊர்கள் பிரான்சில் ஏராளம். அதிலும் ஒரே லனுவாவிலிருந்து போன இரண்டு பேரில் ஒருவர் ஊர்ப்பிரபுவின் மகனாகவும் இன்னொருவர் அந்த ஊரில் நெய்தவராகவும் இருக்கலாம். பிரபு ‘லனுவாவை ஆள்பவர்’ என்ற பொருளில் ‘டி’ போட்டார். நெசவாளிக்கு ‘லனுவாவிலிருந்து வந்தவர்’ என்ற பொருளில் அடுத்த ஊர்க்காரர்கள் போட்டார்கள். எழுத்தில் வித்தியாசம் தெரியாது.

பிரபுக் குடும்பம் என்றீர்களே, அவர்கள் யார்?

லனுவா ஊரின் ஆண்டைகள். 1430-இல் பர்கண்டி கோமகன் ‘பொன் கம்பளி’ வீரர் அணியைத் தொடங்கியபோது, முதல் பட்டியலிலேயே இந்தக் குடும்பத்துச் சகோதரர்கள் மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவரான போதுவானை யான் வான் ஐக் வரைந்த ஓவியம் பெர்லினில் இருக்கிறது. அகலத் தொப்பி, இறுகிய முகம், கையில் ஒரு கோல்.

1525-இல் பவியாப் போரில் பிரான்சு மன்னர் முதலாம் பிரான்சிஸ் பிடிபட்டபோது, வாளை ஒப்படைத்தது ஷார்ல் டி லனுவாவிடம். பிறகு 1940-இல் பெல்ஜியம் ஜெர்மனியிடம் சரணடைந்த ஒப்பந்தம் கையெழுத்தானது ஆன்வேங் என்ற இடத்தில் உள்ள இந்தக் குடும்பத்து மாளிகையில். பத்மநாபபுரம் அரண்மனையில் டச்சுக்காரர் மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடையும் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் இதையும் சேர்த்துச் சொல்வேன்.

இன்றைக்கு இந்தக் குடும்பத்தில் அதிகம் பேருக்குத் தெரிந்தவர் ஸ்டெபனி டி லனுவா. 2012-இல் லக்சம்பர்க் இளவரசர் கியோமை மணந்தார். 2025 அக்டோபரில் கணவர் பட்டத்துக்கு வந்ததும் அவர் லக்சம்பர்க்கின் பெருங்கோமகள் (கிராண்ட் டச்சஸ்) ஆனார்.

கணக்கில் ‘டெலனாய் எண்கள்’ என்று படித்தோம். அதுவும் இதுவா?

அதே குடும்பப்பெயர், ஆள் வேறு. ஆன்ரி டெலனுவா, பிரெஞ்சு ராணுவ அதிகாரி. கணக்கு அவருக்குப் பொழுதுபோக்கு. கட்டம் போட்ட தாளில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குப் போக வேண்டும். வலப்பக்கம், மேலே, குறுக்காக என்று மூன்று விதமாக மட்டும் நகரலாம். எத்தனை வழி? ஒரு கட்டத்துக்கு 3, இரண்டுக்கு இரண்டு கட்டத்துக்கு 13, மூன்றுக்கு மூன்றுக்கு 63. கல்லூரிப் பிள்ளைகள் யாராவது கூட வந்தால் மணலில் கோடு போட்டு 13 வழியையும் எண்ணிக் காட்டச் சொல்வேன். ஒன்றிரண்டு விட்டுப்போகும், திரும்ப எண்ணுவார்கள்.

‘தில்லானைக் கோட்டை’ என்பது எந்தக் கோட்டை?

இதே உதயகிரிதான். டிலனாய், தில்லானை ஆகிவிட்டார். பெயரில் ஆனை இருப்பதால் இங்கே யானை கட்டியிருந்தார்களா என்று கேட்கும் பிள்ளைகள் உண்டு. தமிழ் நாக்கு சும்மா வாங்கிக்கொள்ளாது, தனக்குத் தெரிந்த ஒரு சொல்லின் சாயலைக் கொடுத்துவிடும்.

எனக்கு இந்தப் பெயரில் மிகவும் பிடித்த இடமே இதுதான். ஒரு தோப்பு ஊருக்குப் பெயர் கொடுத்தது, ஊர் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்தது, அந்தக் குடும்பத்துக்காரர் ஒருவர் கடல் தாண்டி வந்து அதை மறுபடியும் ஓர் இடத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மண்ணிலிருந்து புறப்பட்ட பெயர் மண்ணிலேயே வந்து அமர்ந்தது.

குமரியில் அவருடைய வம்சம் இருக்கிறதா?

குடும்பப்பெயர் அப்பா வழி மகனுக்குப் போவது. அவருடைய மகன் யோஹான்னஸ் 1765-இல் களக்காட்டுப் போரில் இறந்தான். வயது 19. அவனுடைய கல்லறையும் இதே கோயிலுக்குள் இருக்கிறது, டிலனாயின் மனைவி மார்கரெட்டின் கல்லறையும். மகன் இறந்த பிறகு அப்பா இன்னும் பன்னிரண்டு வருடம் வாழ்ந்து, படையை நடத்தியிருக்கிறார். கல்லறைகளுக்கு நடுவில் நிற்கும்போது அந்தப் பன்னிரண்டு வருடம்தான் என் மனதில் ஓடும்.

கடற்கரையில் பெர்னாண்டோ, கோமஸ் என்றெல்லாம் இருக்கிறதே, அதுவும் இப்படி வந்ததா?

இல்லை, அது வேறு வழி. 1530-களில் முத்துக்குளித்துறையில் பரதவர்கள் போர்ச்சுக்கீசியரின் பாதுகாப்பை ஏற்று ஞானஸ்நானம் பெற்றபோது போர்ச்சுக்கீசியப் பெயர்களும் கூடவே வந்தன. ரத்த உறவால் வந்தவை அல்ல. டிலனாய்க்கு அப்படி ஒரு ஞானஸ்நான அலை எதுவும் பின்னால் இல்லை. அது ஒரே ஒரு மனிதரோடு வந்தது.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். குமரியில் தெருவுக்கு ஒரு சேவியர் இருப்பார். அதுவும் ஆள்பெயர் அல்ல. புனித பிரான்சிஸ் பிறந்த கோட்டையின் பெயர், ஸ்பெயினின் நவாரா பகுதியில். பாஸ்க் மொழியில் ‘எச்சே பெர்ரி’, அதாவது புது வீடு, என்பதுதான் திரிந்து சேவியர் ஆனது. நம் ‘புத்தன்வீடு’ அச்சு அசலாக! கோட்டாற்றுத் திருவிழாவில் கூட்டத்தோடு நின்று அந்தப் பெயரைச் சொல்லும்போது, புத்தன்வீட்டுக்காரரைத்தான் கூப்பிடுகிறோம்.

ஆவணங்களில் இந்தப் பெயரைத் தேட வேண்டுமென்றால்?

ஒரே எழுத்தில் தேடிவிட்டு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். நெதர்லாந்தில் ‘டி’யை ஒதுக்கிவிட்டு ‘ல’ வரிசையில் வைப்பார்கள். பெல்ஜியத்தில் ‘டி’யோடு சேர்த்தே வைப்பார்கள். ஆங்கிலேயர் எழுதியதில் டிலனாய், டி லெனாய், லெனாய் என்று பலவிதம். தமிழில் டிலனாய், டெலனாய், டி லனோய், தில்லானை. மலையாளத்திலும் பார்க்க வேண்டும், அன்றைக்கு அரசு நடந்தது திருவிதாங்கூரில் அல்லவா?

கல்லறையில் பெயர் எப்படி வெட்டப்பட்டிருக்கிறது?

லத்தீனிலும் தமிழிலும். லத்தீன் வாசகம் ‘நில், வழிப்போக்கனே’ என்று தொடங்கும். இங்கே யூஸ்டாக்கியஸ் பெனடிக்டஸ் டி லனாய் உறங்குகிறார். திருவிதாங்கூர்ப் படையின் தளபதியாக இருந்து ஏறக்குறைய 37 ஆண்டு மன்னருக்கு உண்மையாக ஊழியம் செய்தார். காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளை மன்னருக்குக் கீழ்ப்படுத்தினார் என்று போகும். கடைசியில் வாழ்ந்த காலம் 62 ஆண்டு 5 மாதம், இறந்தது 1777 ஜூன் 1.

பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், பிறப்பு 1715-இன் தொடக்கத்தையொட்டி வரும். குளச்சலில் பிடிபட்டபோது அவருக்கு வயது 26. கல்லில் எழுத்து தேய்ந்திருக்கிறது, உச்சி வெயிலில் போனால் கண் கூசும், ஒன்றும் படிக்க முடியாது. காலையிலோ சாயங்காலமோ வெளிச்சம் சாய்வாக விழும்போது போனால், பள்ளத்தில் நிழல் கட்டி ஒவ்வோர் எழுத்தாக எழுந்து வரும். இப்போது கோட்டை வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவாக இருக்கிறது. மரமும் நிழலும் தாராளம். வாசலில் இறங்கி, பூங்காப் பாதையிலேயே நடந்து, யாரிடமாவது ‘டிலனாய் கல்லறை’ என்று கேளுங்கள், காட்டிவிடுவார்கள்.